டிஜிட்டல் வரலாறு என்றால் என்ன? செக், ஸ்லோவாக் எதிர்ப்பாளர்களை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

'டிஜிட்டல் வரலாறு' என்ற பெயர் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. பழைய நோட்டீஸை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் அதுவும் டிஜிட்டல் வரலாறு, பழைய புகைப்படங்களுக்குப் பின்னணி இசை சேர்த்து வீடியோ போட்டால் அதுவும் டிஜிட்டல் வரலாறு. இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் இரண்டிலும் வரலாறு இன்னும் தொடங்கவே இல்லை.

இதேபோல, இன்று செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என்று இரண்டு நாடுகளாகப் பிரிந்திருக்கும் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து நின்ற 'எதிர்ப்பாளர்கள்' என்றதும் நாடக ஆசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல், அவரைச் சுற்றி நாலைந்து எழுத்தாளர்கள், 1989-இல் ரத்தம் சிந்தாத புரட்சி என்று கதையைச் சுருக்கிவிடுகிறோம். இந்த இரண்டு குறைப் புரிதல்களையும் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறேன். சில மாணவர்கள் ஒன்றுசேர்ந்து செக், ஸ்லோவாக் எதிர்ப்பாளர்களைப் பற்றி ஒரு டிஜிட்டல் வரலாற்றுத் திட்டம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் என்னென்ன முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

மொய் நோட்டில் இருக்கும் பாடம்

வீட்டுக் கல்யாணத்தின் மொய் நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். நோட்டு தொலைந்தாலும் படம் இருக்கும். ஆனால் 'அக்கா கல்யாணத்துக்குச் செய்தவர்களில் தம்பி கல்யாணத்துக்கு வராதவர்கள் யார்?' என்று கேட்டால் அந்தப் படங்களிடம் பதில் இல்லை. பெயர், ஊர், தொகை, எந்த விசேஷம், எந்தத் தேதி என்று கட்டம் கட்டி எழுதினால்தான் பதில் வரும்.

எழுத உட்கார்ந்த உடனே சிக்கல்களும் வரும். ஒரு நோட்டில் 'க. முருகேசன், மேலூர்' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'டீக்கடை முருகேசன்'. இருவரும் ஒரே ஆளா? நடுவில் இரண்டு பக்கம் கையெழுத்து மாறியிருக்கிறது. அதை எழுதியவர் யார்? நோட்டுக்கே வராமல், பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கணக்கு எங்கே?

ஆள் யார், எழுதியது யார், விடுபட்டது எது. இந்த மூன்று கேள்விகள்தான் வரலாற்று வேலையின் உயிர். இவற்றை விடாமல் கேட்டபடி, கடந்த காலச் சான்றுகளைக் கணினி தேடவும் ஒப்பிடவும் கூடிய வடிவில் அடுக்கி, ஒவ்வொரு தகவலோடும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து வைத்து விடை தேடுவதே டிஜிட்டல் வரலாறு. ஸ்கேன் அதற்கு முதல் படி.

யார் இந்த எதிர்ப்பாளர்கள்?

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி செக்கோஸ்லோவாகியாவின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1968 ஜனவரியில், ஸ்லோவாக்கியரான அலெக்சாண்டர் துப்செக் கட்சித் தலைமைக்கு வந்தார். தணிக்கை தளர்ந்தது, பத்திரிகைகள் பேசத் தொடங்கின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் ஒன்றியம் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் உள்ளே நுழைந்து அதை முடித்துவைத்தன. 1969 ஏப்ரலில் துப்செக்கின் இடத்துக்குக் குஸ்தாவ் ஹுசாக் வந்தார். பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், பாதிரியார்கள் என ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடவும் கண்ணாடி துடைக்கவும் போனார்கள். இந்தக் காலத்துக்கு ஆட்சியாளர்களே வைத்த பெயர் 'இயல்புநிலைக்குத் திரும்புதல்'.

1976-இல் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற ராக் இசைக் குழுவைச் சேர்ந்தவர்களைக் கைது செய்து விசாரித்தார்கள். அரசியல் பேசாத இளைஞர்களைக்கூட விடமாட்டார்களா என்ற அதிர்ச்சி, ஒருவருக்கொருவர் ஒட்டாமல் இருந்த பலரை ஒன்று சேர்த்தது. அதிலிருந்து பிறந்தது சாசனம் 77. மனித உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைகளில் அரசே கையெழுத்திட்டு, சட்டத் தொகுப்பிலும் வெளியிட்டிருக்கிறது. அவற்றை மதியுங்கள் என்று கேட்ட ஒரு பொது அறிக்கை அது. கட்சி அல்ல, சங்கம் அல்ல, உறுப்பினர் அட்டை கிடையாது. தத்துவப் பேராசிரியர் யான் பதோச்கா, முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிர்ஷி ஹாயெக், ஹாவெல் ஆகிய மூவர் அதன் சார்பில் பேசிய முதல் பிரதிநிதிகள். தொடர்ந்து நடந்த போலீஸ் விசாரணைகளுக்குப் பிறகு, 1977 மார்ச் 13 அன்று, பதோச்கா மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 69.

அரசுப் பத்திரிகைகள் சாசனத்தைத் திட்டித் தீர்த்தன, ஆனால் அதன் வாசகத்தை ஒருபோதும் அச்சிடவில்லை. படிக்கவே கிடைக்காத ஒரு அறிக்கையைக் கண்டித்துக் கையெழுத்துப் போடும்படி தொழிற்சாலைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அப்படியானால் அந்த அறிக்கை ஆயிரக்கணக்கானோரை எப்படிச் சென்று சேர்ந்தது?

தட்டச்சில் பிறந்த நூல்கள்

தணிக்கைக்கு வெளியே, அச்சகம் இல்லாமல், ஆட்களே பிரதி எடுத்துக் கைமாற்றிய எழுத்துக்குச் சமிஸ்தாத் என்று பெயர். எழுத்தாளர் லூத்விக் வாத்சுலீக் 1970-களின் தொடக்கத்தில் தொடங்கிய 'பெட்லித்செ' வரிசைதான் இதில் புகழ்பெற்றது. வேலை நடந்த விதம் இது: மெல்லிய தாள்களுக்கு இடையிடையே கார்பன் தாளைச் செருகி, ஒரு கட்டாகத் தட்டச்சு இயந்திரத்தில் ஏற்றி, பலமாகத் தட்டுவார்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதிகள் கிடைக்கும். மேல் பிரதி கருகருவென்று இருக்கும், அடிப் பிரதியில் எழுத்து சாம்பல் நிறத்தில் கலங்கித் தெரியும். பிறகு பைண்டிங் செய்து, கடன் வாங்கிப் படிப்பதும் படித்தவர் மறுபடி தட்டி எடுப்பதுமாகப் பரவும்.

பெட்லித்செ நூல்களின் முன்பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்தும், 'இந்தக் கையெழுத்துப் பிரதியை மேலும் படியெடுப்பதற்கு வெளிப்படையான தடை' என்ற வரியும் இருக்கும். படியெடுப்பதற்காகவே உருவான நூலில் இப்படி ஒரு வரி எதற்கு? போலீஸ் பிடித்தால், 'இது வெளியீடு அல்ல, நண்பருக்குக் கொடுத்த கையெழுத்துப் பிரதி' என்று சொல்ல ஒரு சட்டப் பிடிமானம் வேண்டியிருந்தது. இந்த வரியின் பின்னணி தெரியாத ஒரு மாணவர், 'ஆசிரியர் இந்த நூல் பரவுவதை விரும்பவில்லை' என்று குறிப்பெழுதிவிடக்கூடும். ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்தத் தவறைத் தடுக்காது.

சுருக்கமாக: சமிஸ்தாதில் மூலப் பிரதி என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். ஒரே எழுத்துக்குப் பல பிரதிகள் உண்டு. எந்தப் பிரதி யார் கையில் இருந்தது என்பதும் வரலாற்றுச் செய்திதான்.

ஆவணத்தைப் பற்றிய குறிப்பு

ஓர் ஆவணத்தின் ஆசிரியர், தேதி, இடம், பிரதி, எங்கே கிடைத்தது முதலிய விவரங்களை மெட்டாடேட்டா என்கிறார்கள். பலருக்கு இது சலிப்பூட்டும் எழுத்தர் வேலையாகத் தெரிகிறது. எனக்கு இதுதான் திட்டத்தின் இதயம்.

சாசனம் 77-இன் தேதி என்ன? அதில் போட்டிருப்பது 1977 ஜனவரி 1. கையெழுத்துகள் வாங்கப்பட்டது 1976 டிசம்பரில். ஜனவரி 6 அன்று ஹாவெல், வாத்சுலீக், நடிகர் பாவெல் லாந்தோவ்ஸ்கி மூவரும் காரில் கொண்டுபோனபோது போலீஸ் மறித்துப் பிடித்தது. அதே நேரத்தில் மேற்கு ஐரோப்பியப் பத்திரிகைகள் அதை வெளியிட்டுவிட்டன. ஆக எழுதிய தேதி, ஆவணம் தாங்கிய தேதி, வெளியான தேதி என்று மூன்று கட்டங்கள் வேண்டும். ஒரே 'தேதி' கட்டம் வைத்தால் நிரப்புகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் போடுவார். பிறகு காலவரிசை எதையும் நம்ப முடியாது.

தொழில் என்ற கட்டம் இன்னும் நுட்பமானது. யிர்ஷி தீன்ஸ்ட்பியர் 1960-களில் செக்கோஸ்லோவாக் வானொலியின் வெளிநாட்டு நிருபர். 1968-க்குப் பிறகு வேலை பறிபோய்ப் பின்னர் கொதிகலன் தொழிலாளி ஆனார். 1989 டிசம்பரில் நாட்டின் வெளியுறவு அமைச்சர். 'தொழில்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது? ஸ்லோவாக்கியாவில் யான் கிரிசோஸ்தோம் கோரெத்ஸ் 1951-இல், 27 வயதில், ரகசியமாக ஆயர் பட்டம் பெற்றவர். அரசு ஏடுகளில் அவர் வெறும் தொழிலாளி. பிற்காலத்தில் கர்தினால் ஆனார். ஒரு ஆளுக்கு ஒரு தொழில் என்று அட்டவணை போட்டால், அந்த ஆட்சி அவர்களுக்குச் செய்த அநியாயமே பதிவில் இல்லாமல் போய்விடும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தச் சான்றின்படி என்ற இரண்டு விவரங்களோடு எழுதினால் மட்டுமே அது நிற்கும்.

ஒரே ஆள், பல பெயர்

ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்துகளைக் கணினியே படித்தெடுக்கும் நுட்பத்துக்கு ஓசிஆர் என்று பெயர். நல்ல அச்சில் ஓடும் ஓசிஆர், பத்தாவது கார்பன் பிரதியில் தடுமாறும். செக், ஸ்லோவாக் எழுத்துகளின் தலையில் வரும் சிறு கொக்கியும் கோடும் மங்கிப்போனால் பெயரே மாறிவிடும்.

எழுத்து சரியாக வந்தாலும் தேடல் கைவிடும் இடம் ஒன்று உண்டு. தமிழைப் போலவே செக்கிலும் ஸ்லோவாக்கிலும் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்கும். 'ஹாவெல்' என்பது வாக்கியத்துக்குள் 'ஹாவ்லா', 'ஹாவ்லோவி' என்றெல்லாம் உருமாறும். 'ஹாவெல்' என்று மட்டும் தேடினால் பாதிக்கு மேல் நழுவிவிடும். போதாததற்குப் புனைபெயர்கள். ஸ்லோவாக் வரலாற்றாசிரியர் யான் ம்லினாரிக், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதைப் பற்றி 'தனூபியுஸ்' என்ற பெயரில் எழுதினார். ரகசியப் போலீஸோ தான் கண்காணித்த ஆட்களுக்குத் தானே ஒரு சங்கேதப் பெயர் வைத்துக் கோப்பு தொடங்கும்.

இதற்குத் தீர்வு எளிது: ஒவ்வொரு ஆளுக்கும் மாறாத ஓர் அடையாள எண். எல்லாப் பெயர்களும் அந்த எண்ணின் கீழ் வரும். 'இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரே' என்று யார், எதை வைத்து முடிவு செய்தார் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். நாளைக்கு அது தவறு என்று தெரிந்தால் பிரித்தெடுக்க வழி வேண்டுமல்லவா?

வரைபடம் சொல்லும் அரை உண்மை

மாணவர்களுக்கு வரைபடத்தின் மேல் தனிப் பிரியம். சாசனத்தில் முதலில் கையெழுத்திட்டவர்கள் 240-க்குச் சற்று மேல். 1989 வரை சேர்ந்தவர்களையும் கூட்டினால் ஏறத்தாழ 1,900. இவர்களை ஊர்வாரியாக வரைபடத்தில் புள்ளி வைத்தால் தலைநகர் பிராகில் புள்ளிகள் அடர்ந்து தெரியும். ஸ்லோவாக்கியா ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். தத்துவ அறிஞர் மிரோஸ்லாவ் குசி, எழுத்தாளர் தோமினிக் ததார்கா போல விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே அங்கிருந்து கையெழுத்திட்டார்கள்.

இதைப் பார்த்து 'ஸ்லோவாக்கியர்கள் அடங்கிப்போனார்கள்' என்று பல இடங்களில் எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் முடிவு. சாசனம் பிராக் நகரின் நட்பு வட்டங்கள் வழியாகப் பரவிய ஆவணம். 1969-இல் நாடு கூட்டாட்சி ஆனதில் ஸ்லோவாக்கியாவுக்குச் சில நிறுவனங்களும் பதவிகளும் கிடைத்தன. களையெடுப்பும் அங்கே சற்று மென்மையாக இருந்தது. அங்கே எதிர்ப்பு வேறு பாதையில் ஓடியது, முக்கியமாகக் கத்தோலிக்க விசுவாசிகளின் ரகசியத் திருச்சபை வழியாக. சில்வெஸ்தர் கிர்ச்மேரியும் விளாதிமிர் யூக்லும் நீண்ட சிறைவாசத்துக்குப் பிறகு மாணவர்களிடையே சிறு சிறு வேதாகமக் குழுக்களைக் கட்டினார்கள். சமயச் சமிஸ்தாத் இதழ்கள் நிறைய வந்தன. திருயாத்திரைகளுக்குக் கூட்டம் திரண்டது. 1985-இல் செக் பகுதியான மொராவியாவின் வெலெஹ்ராத் ஊரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்களும் அதில் ஏராளம்.

1988 மார்ச் 25 மாலை ஆறு மணிக்கு, ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவின் ஹ்வியெஸ்தொஸ்லாவ் சதுக்கத்தில் மக்கள் மெழுகுவர்த்தியோடு கூடினார்கள். காலியாகக் கிடந்த மறைமாவட்டங்களுக்கு ஆயர்களை நியமிக்க வேண்டும், முழு மதச் சுதந்திரமும் குடியுரிமைகளும் வேண்டும் என்பவை கோரிக்கைகள். பிரான்டிஷெக் மிக்லோஷ்கோ அதிகாரிகளுக்கு முறைப்படி முன்கூட்டியே அறிவித்திருந்தார். அனுமதி மறுக்கப்பட்டது. அரை மணி நேர அமைதிப் பிரார்த்தனைக்காக வந்தவர்கள் மேல் தண்ணீர் பீரங்கியும் தடியடியும் பாய்ந்தன. மழையிலும் அந்தத் தண்ணீரிலும் நனைந்தபடி அரை மணி நேரமும் நின்று முடித்துவிட்டே அவர்கள் கலைந்தார்கள்.

இவற்றோடு, பிராட்டிஸ்லாவாவின் மாசுபட்ட காற்றையும் நீரையும் பற்றி இயற்கைப் பாதுகாவலர்கள் 1987-இல் வெளியிட்ட 'பிராட்டிஸ்லாவா - உரக்க' என்ற அறிக்கையையும், ஹங்கேரிய மொழிச் சிறுபான்மையினருக்காக வாதாடிய மிக்லோஷ் துராயையும் வரைபடத்தில் சேருங்கள். முன்பு வெறுமையாகத் தெரிந்த இடம் நிரம்பிவிடும்.

சுருக்கமாக: வரைபடம் காட்டுவது எதிர்ப்பு எங்கே இருந்தது என்பதை அல்ல, நாம் எந்த ஆவணத்தை எண்ணினோம் என்பதைத்தான். ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் எதை எண்ணினோம், எதை எண்ணவில்லை என்று இரண்டு வரி எழுதுவது கட்டாயம்.

போலீஸ் எழுதிய கோப்புகள்

எதிர்ப்பாளர்களைப் பற்றி மிக அதிகமாக எழுதியவர்கள் அவர்களை வேட்டையாடியவர்கள். அன்றைய ரகசியப் போலீஸின் சுருக்கப் பெயர் எஸ்.டி.பி. அதன் கோப்புகள் இன்று பிராகில் பாதுகாப்புச் சேவைகளின் ஆவணக்காப்பகத்திலும், ஸ்லோவாக்கியாவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசிய நினைவு நிறுவனத்திலும் இருக்கின்றன. யார் எந்த மணிக்கு எந்த வீட்டுக்குப் போனார் என்பதுவரை சிலவற்றில் உண்டு. ஆய்வாளருக்குப் புதையல்தான். ஆனால் அந்தப் புதையலை எழுதியவர் மேலதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டிய அதிகாரி. தகவலாளியாக ஒருவரைச் 'சேர்த்துவிட்டேன்' என்று காட்டுவதில் அவருக்கு லாபம் இருந்தது. 1989 டிசம்பரில் ஏராளமான கோப்புகள் அழிக்கப்பட்டன. பல பேர் விஷயத்தில் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் தங்கியது, கோப்பு போய்விட்டது.

1992-இல் பெத்ர் சிபுல்கா என்ற முன்னாள் எதிர்ப்பாளர், போலீஸோடு ஒத்துழைத்தவர்கள் என்று பெரும் பெயர்ப் பட்டியல்களை அச்சிட்டு வெளியிட்டார். பெயர், பிறந்த தேதி, சங்கேதப் பெயர், இவ்வளவுதான். விளக்கம் கிடையாது. டொராண்டோவில் '68 பப்ளிஷர்ஸ்' என்ற பதிப்பகத்தைக் கணவர் யோசெஃப் ஷ்க்வோரெத்ஸ்கியோடு நடத்தி, தடைசெய்யப்பட்ட செக் எழுத்தாளர்களை ஆண்டுக்கணக்கில் அச்சிட்டுக் கொடுத்த ஸ்தேனா சலிவரோவாவின் பெயரும் அதில் இருந்தது. அவர் நீதிமன்றம் சென்று தம் பெயரைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு டிஜிட்டல் திட்டம் இதே தவறை இன்னும் வேகமாகச் செய்யும் வலிமை உடையது. 'எஸ்.டி.பி. பதிவேட்டில் இவர் ஏஜென்ட் என்று பதிவாகியிருக்கிறார்' என்பதும் 'இவர் ஏஜென்ட்' என்பதும் தரவுத் தளத்தில் வேறு வேறு கட்டங்களாக இருந்தே தீர வேண்டும். முன்னது சான்று, பின்னது முடிவு. கோப்புகளில் தற்செயலாக வந்துபோகும் பக்கத்து வீட்டுக்காரர், நோயாளியாகக் குறிக்கப்பட்ட உறவினர் போன்றவர்களின் பெயர்களைப் பொதுவில் போடாமல் மறைப்பதும் திட்டத்தின் பொறுப்பு.

ஏன் கூட்டாகச் செய்ய வேண்டும்?

காரணம் மிக நடைமுறையானது: ஒருவரால் முடியாது. ஆவணங்கள் செக், ஸ்லோவாக், ஹங்கேரியம், போலிஷ், ஜெர்மன், ஆங்கிலம் என்று சிதறிக் கிடக்கின்றன. 1978-இல் சாசனத்தினரும் போலந்தின் தொழிலாளர் பாதுகாப்புக் குழுவினரும் எல்லை மலையில் சந்தித்ததைப் பற்றி இரு மொழியிலும் படிக்காமல் எழுத முடியாது. சட்டப் பிரிவுகளைப் படிக்க ஒருவர், சமயச் சொற்களை அறிந்த ஒருவர், கணினி தெரிந்த ஒருவர் என்று ஆள் தேவை.

கூட்டு வேலைக்கு மூன்று ஒழுங்குகள் போதும். ஒருவர் பதிவு செய்ததை வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கட்டங்களை நிரப்பும் விதிகளை முதல் வாரத்திலேயே எழுதி வைக்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற திருத்த வரலாறு அழியாமல் இருக்க வேண்டும். வாய்மொழிப் பேட்டிகளுக்கு இது இன்னும் அவசியம். செக் நாட்டின் 'தேச நினைவு' திட்டத்தில் ஆயிரக்கணக்கானோரின் நினைவுகள் திரட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒருவர் சொன்ன தேதியும் ஆவணத்தின் தேதியும் மோதினால், ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே நேர்மை.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய ஆசையோடு எல்லாவற்றையும் அள்ளப் போனால் திட்டம் பாதியில் நிற்கும். என்னைக் கேட்டால் வோன்ஸ் அமைப்பின் அறிக்கைகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். அநியாயமாக வழக்குத் தொடுக்கப்பட்டவர்களைக் காக்க 1978 ஏப்ரலில் உருவான குழு அது. கைதானவர் பெயர், குற்றப் பிரிவு, நீதிமன்றம், தண்டனை என்று ஒவ்வொரு வழக்கையும் வரிசை எண் இட்டு அறிக்கையாக வெளியிட்டார்கள். 1989-க்குள் அவை ஆயிரத்தைத் தாண்டின. கணினி இல்லாத காலத்தில், தட்டச்சு இயந்திரத்தில், அவர்கள் கட்டியது கிட்டத்தட்ட ஒரு தரவுத் தளம். பிராகில் யிர்ஷி கிருன்டோராத் 1990-இல் தொடங்கிய லிப்ரி ப்ரோஹிபிதி நூலகம் சமிஸ்தாதுக்கென்றே இருக்கிறது. அங்குள்ள செக், ஸ்லோவாக் சமிஸ்தாத் இதழ்த் தொகுப்பை 2013-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

முதல் பயிற்சியாக 1979 அக்டோபரில் வோன்ஸ் உறுப்பினர்கள் மீதே நடந்த வழக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆறு பேர்: பெத்ர் ஊல் 5 ஆண்டு, ஹாவெல் நாலரை, வாத்ஸ்லாவ் பெந்தா 4, தீன்ஸ்ட்பியர் 3, ஒட்டா பெத்னார்ஷோவா 3, தானா நெம்த்சோவா 2 ஆண்டு, நிறுத்திவைக்கப்பட்டது. குற்றச்சாட்டு, குடியரசைக் கவிழ்க்க முயன்றது. ஆறு பேருக்கும் ஆறு அடையாள எண், ஒவ்வொரு தண்டனைக்கும் ஒரு சான்று, ஒவ்வொரு தொழிலுக்கும் காலவரம்பு என்று பதிந்து பாருங்கள். பெந்தா கத்தோலிக்கர், ஊல் தீவிர இடதுசாரி. இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்திய உறவு எப்படி உண்டானது என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். அதற்கு விடை தேட அடுத்த நூறு அறிக்கைகளைத் திறக்க வேண்டியிருக்கும்.